பதினைந்து ஆண்டு ஓடிய பெட்ரோல் காரில் திரும்பத் திரும்ப வரும் டைமிங் செயின் சத்தம்: செயினை மறுபடியும் மாற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பென்னாகரம் சாலை (தருமபுரி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2010ஆம் ஆண்டு தருமபுரியில் பதிவான, 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய கார். எந்த நிறுவனத்தின் கார் என்று எழுதாமல் விடுகிறேன். டைமிங் செயின் (பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுழற்றும் செயின்) வைத்த எந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கும் என் கேள்வி பொருந்தும். 1,30,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பதிவுச் சான்றை இன்னும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கிறேன். ஆகவே இந்தக் காரை விற்கும் எண்ணம் இல்லை.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட்கள் இருக்கும் பக்கத்திலிருந்து சில விநாடிகளுக்குக் கடகடவென்று ஒரு சத்தம் வந்து நிற்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சேலம் போகும்போது தொப்பூர் கணவாயில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால், அதே இடத்திலிருந்து சலசலவென்று ஒரு சத்தம் எழுகிறது. சமதளத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றை ஒட்டி ஓடும்போதும் சில நாள் கேட்கிறது. ஐட்லிங்கில் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கிறது.

இதே சத்தத்துக்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் செயின், அதைத் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கும் டென்ஷனர், அது உரசி ஓடும் இரண்டு கைடுகள் ஆகியவற்றை மாற்றினார்கள். சில மாதங்கள் சத்தமே இல்லை. பிறகு மெல்ல மெல்லத் திரும்பிவிட்டது. இப்போது ஒருவர் செயின் செட்டை மறுபடியும் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் எஞ்சினையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றினார், சத்தம் கொஞ்ச நாள் மங்கி மறுபடியும் தலைதூக்கியது. ஆயில் விளக்கு ஒரு முறைகூட எரியவில்லை; ஆயில் அளவும் சரியாக இருக்கிறது. மறுபடியும் ஒரு பெரிய தொகையைச் செலவிடுவதற்கு முன், குற்றம் செயினில்தான் இருக்கிறதா என்பதை உறுதி செய்துகொள்ள என்ன வழி?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம்) எழுதியது:

காரணம் தெரியும் வரை தொப்பூர்ப் பக்கம் அந்த வண்டியை எடுத்துச் செல்லாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டினாலே வண்டியின் இழுவை போய்விடும். பல பற்கள் தாண்டினால் பெரும்பாலான எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி, ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) வேலை வரை கொண்டுபோய் விடும். சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இறங்கும் பழக்கம் நம் பக்கத்தில் சிலருக்கு உண்டு. அதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். அந்த இரட்டைப் பாலத்தை ஒட்டி எத்தனை விபத்துகளைப் பார்த்திருக்கிறோம்! இறக்கத்தில் எஞ்சின் பிடிமானம் இல்லாவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான் விழும்.

பழைய பட்டறை (கிருஷ்ணகிரி) எழுதியது:

வணக்கம் தம்பி. சேலம் சாலையில் நீண்ட காலம் பட்டறை நடத்தி, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டேன். உங்கள் எழுத்தில் சத்தம் எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்பதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது. பட்டறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் 'சத்தம் வருகிறது' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

முதலில் அது செயின்தானா என்பதைப் பார்க்க வேண்டும். செயின் கவருக்கு வெளியே அதே பக்கத்தில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏ.சி. கம்ப்ரசர், ஐட்லர் புல்லி என்று சுழலும் பாகங்கள் பல இருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்றின் பேரிங் தேய்ந்தாலும் செயின் சத்தம் போலவே கேட்கும். சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் உள்ள தகரக் கவசத்தின் ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும், குறிப்பிட்ட சுற்றில் அது சலசலக்கும். இந்தத் தகரச் சத்தத்தைச் செயின் சத்தம் என்று நம்பி எஞ்சினைத் திறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினில், வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். சத்தம் அப்படியே இருந்தால் வெளிப் பாகங்கள் குற்றமற்றவை. அரை நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப் சுற்றாது. அடுத்து, பெல்ட்டை மாட்டிய பிறகு, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப்பை, அது இல்லையென்றால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, அதன் முனையைச் செயின் கவரின் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில் ஊன்றிக் கேளுங்கள். தொங்கும் துணி, கயிறு, கைக்கடிகாரம் எதுவும் பெல்ட்டின் அருகில் போகக் கூடாது. டென்ஷனர் இருக்கும் இடத்தில் சத்தம் மிகுதியாக இருந்தால் ஒரு கதை. ஹெட்டின் மேல் மூடியில் மிகுதியாக இருந்தால் அது டேப்பெட்டாக (வால்வை அழுத்தும் பாகம்) இருக்கலாம், அது வேறு கதை. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டி, கேம்ஷாஃப்டும் கிராங்க் ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதைச் சொல்லும் பி0016 என்ற குறியீடு பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பென்னாகரம் சாலை எழுதியது:

நன்றி ஐயா. சொன்னபடியே பார்த்தோம். பெல்ட்டைக் கழற்றிய பிறகும் காலைச் சத்தம் அப்படியே இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டால் டென்ஷனர் அமர்ந்திருக்கும் உயரத்தில்தான் மிகுதியாகக் கேட்கிறது. ஹெட்டின் மேல் மூடி அமைதியாக இருக்கிறது. தகரக் கவசம் இறுக்கமாகவே இருக்கிறது. ஸ்கேனரில் எந்தக் குறியீடும் இல்லை.

சிப்காட் அளவுகோல் (ஓசூர்) எழுதியது:

நான் ஓசூரில் எஞ்சின் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஐயா சொன்ன வரிசையே சரியான வரிசை. அதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கிறேன்.

செயின் 'நீண்டுவிட்டது' என்று பட்டறையில் சொன்னால், இரும்பு இழுபட்டு நீண்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேய்வதால், எல்லாக் கண்ணிகளின் தேய்மானமும் சேர்ந்து மொத்த நீளம் கூடுகிறது. தொழிற்சாலைகளில் ஓடும் சாதாரண ரோலர் செயின்களை 3 சதவீத நீட்சி வரை ஓட்டுவது வழக்கம். டைமிங் செயினுக்கு அந்தத் தாராளம் கிடையாது, அதைவிட வெகு குறைவான நீட்சியிலேயே வால்வுகள் திறந்து மூடும் நேரம் பிசகத் தொடங்கும். உங்கள் எஞ்சினில் குறியீடு எதுவும் பதிவாகவில்லை, இழுவையும் குறையவில்லை என்றால், செயின் அந்த அளவுக்கு நீளவில்லை என்பதற்கு அது ஓரளவு சான்று. அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மாற்றிய செயின்.

அப்படியானால் தொய்வு எங்கிருந்து வருகிறது? செயினின் தளர்ந்த பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கும் டென்ஷனரில் ஒரு ஸ்பிரிங் உண்டு. ஆனால் எஞ்சின் ஓடும்போது டென்ஷனரின் பிளஞ்சரை (செயின் பக்கம் நீளும் தண்டு) உண்மையில் தாங்கி நிற்பது ஆயில் அழுத்தம். ஸ்டார்ட் செய்த கணத்தில் ஆயில் இன்னும் வந்து சேராத நிலையில் ஸ்பிரிங்கும், பிளஞ்சர் பின்வாங்காமல் தடுக்கும் பல்சட்டமும்தான் துணை. அந்த இடைவெளி நீண்டால் காலைக் கடகட வரும். ஆக்சிலரேட்டரை விட்டதும் கிராங்கின் சுழற்சி சட்டென்று மாறும்போது செயினின் தொய்வு ஆடத் தொடங்கும். அதை அடக்குவதற்கு வேண்டிய அழுத்தம் அப்போது இல்லையென்றால் தொப்பூர் இறக்கத்தில் நீங்கள் கேட்கும் சலசல வரும். இரண்டு சத்தங்களுக்கும் பொதுவாக இருப்பது ஆயில் அழுத்தம். செயினை அதற்குப் பிறகுதான் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். எஞ்சின் நின்ற பிறகு ஆயில் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வடிந்து போகாமல் தடுக்க ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. மலிவான ஃபில்டரில் அந்த ரப்பர் கெட்டியாகிவிடும். இரவில் வழித்தடங்கள் காலியாகி, காலையில் ஆயில் டென்ஷனரை அடைய நேரமாகும். கையேட்டில் சொன்ன தரத்தில் புது ஆயிலும், நிறுவனத்தின் ஃபில்டரும் போட்டுவிட்டு, ஆயில் அழுத்தத்தைக் கேஜ் வைத்து அளந்து எழுதுங்கள்.

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

என் காரிலும் இதே காலைச் சத்தம் இருப்பதால் கேட்கிறேன். ஆயில் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய வேண்டாமா? அது எரியவில்லை என்றால் அழுத்தம் சரியாக இருக்கிறது என்றுதானே பொருள்? அதோடு, கெட்டி ஆயில் ஊற்றியதும் சத்தம் குறைந்தது என்றால் அது ஒரு தீர்வு ஆகாதா?

பழைய பட்டறை எழுதியது:

அம்மா, அந்த விளக்கை நம்பியே பல எஞ்சின்கள் போயிருக்கின்றன. விளக்கை எரிய வைக்கும் சுவிட்ச், பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அளவுக்குக் கீழே அழுத்தம் இறங்கினால்தான் வேலை செய்யும். எஞ்சினுக்கு 3000 சுற்றில் 3 பார் தேவைப்படும்போது 1 பார்தான் இருந்தாலும் விளக்கு எரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அரை பாருக்கு மேலா கீழா என்பது மட்டுமே. விளக்கு எரிந்த பிறகு வண்டியை உடனே நிறுத்த வேண்டும் என்பது உண்மை. விளக்கு எரியாதவரை எல்லாம் சரி என்பது உண்மையல்ல.

கெட்டி ஆயிலைப் பற்றிக் கேட்டீர்கள். 20டபிள்யூ-50 என்பதில் முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் வரும் எண் சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கிறது. சூட்டில் கெட்டியாக நிற்பதால் சலசல கொஞ்சம் அடங்கும். ஆனால் மார்கழி மாதத்து ஓசூர்க் காலையில் அதே ஆயில் டென்ஷனரை அடையக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், காலைக் கடகட நீளும். பம்ப் ஆயிலை உறிஞ்சும் பக்கத்தில் ஏதேனும் தடை இருந்தாலோ கெட்டி ஆயில் அதை இன்னும் மோசமாக்கும். சத்தம் மங்குவதால் நோய் தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஓட்டுவோம், அதுதான் ஆபத்து.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. கேஜை மாட்ட அழுத்தச் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் அடாப்டரைத் திருகுவார்கள். ஜப்பானிய வழி வந்த எஞ்சின்கள் பலவற்றில் அது 1/8 அங்குலக் கூம்பு மரை, அங்குலத்துக்கு 28 புரி. அமெரிக்க வகை அடாப்டரில் அங்குலத்துக்கு 27 புரிதான். முதல் சில சுற்றுக்கு இரண்டும் ஒன்று போலவே ஏறும், பிறகு இறுகும். வலுக்கட்டாயமாகத் திருகினால் அலுமினிய பிளாக்கின் மரை போய்விடும். அடாப்டர் கையாலேயே இரண்டு மூன்று சுற்று இலகுவாக ஏற வேண்டும் என்று வேலை செய்பவரிடம் சொல்லுங்கள்.

கல் வண்டி (பர்கூர்) எழுதியது:

எல்லோரும் ஆயிலையே பேசுகிறீர்கள். நான் கிரானைட் குவாரிகளை ஒட்டிய சாலைகளில் தினமும் கார் ஓட்டுபவன். அங்கே பறக்கும் கல் தூள் ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் சரியாக மூடாத இடைவெளியில் புகுந்து, சிலிண்டர் வழியாக ஆயிலில் கலந்துவிடும். அந்த ஆயில் செயினின் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் போகும்போது தேய்மானம் பல மடங்காகும். என் பழைய வண்டியில் செயின் தன் ஆயுளுக்கு வெகு முன்பே தேய்ந்ததற்கு இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் உட்புறத்தில், ஃபில்டருக்கு அந்தப் பக்கம், விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டியது. அதையும் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: இரண்டு ஆண்டுகளுக்கு முன் செயினை மட்டும் மாற்றி, செயின் ஓடும் பல்சக்கரங்களான பழைய ஸ்ப்ராக்கெட்டுகளை அப்படியே விட்டுவிட்டார்களா? தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது சீக்கிரம் சத்தம் போடத்தான் செய்யும்.

சிப்காட் அளவுகோல் எழுதியது:

பர்கூர் நண்பர் சொல்வது இரண்டும் உண்மை. ஆனால் தூசியால் தேய்ந்த செயினோ தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டோ ஆயிலின் அழுத்தத்தைக் குறைக்காது. அதனால்தான் கேஜை முதலில் கேட்டேன். அழுத்தம் சரியாக இருந்தால் அவர் சொன்ன பாதையில் போகலாம்; அழுத்தம் குறைவாக இருந்தால் செயின் கவரைத் தொடுவதற்கே இப்போது அவசியம் இல்லை.

பென்னாகரம் சாலை எழுதியது:

பழைய பட்டறையின் ரசீதைத் தேடி எடுத்தேன். அதில் ஸ்ப்ராக்கெட் இல்லை. செயின், டென்ஷனர், கைடு, பேஸ்ட், ஆயில் என்று மட்டும் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியின் உட்புறம் சுத்தமாக இருந்தது.

கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-30 ஆயிலும் நிறுவனத்தின் ஃபில்டரும் போட்ட பிறகு காலைச் சத்தத்தின் நேரம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பிறகு கேஜ் மாட்டி அளந்தோம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முள் உடனே ஏறவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் ஏறியது, கடகட நிற்பதும் முள் ஏறுவதும் ஒரே சமயத்தில் நடந்தன. அதை நேரில் பார்த்ததும் இந்த இழையில் சொல்லப்பட்டது எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் 0.9 பார். 3000 சுற்றுக்கு ரேஸ் செய்தால் 1.3 பாருக்கு மேல் ஏறவில்லை. முள் நிலையாக நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஐட்லிங் அளவு அவ்வளவு மோசமில்லை என்கிறார் மெக்கானிக். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

சிப்காட் அளவுகோல் எழுதியது:

நீங்கள் தந்த எண்களில் ஐட்லிங் அளவைவிட முக்கியமானது, சுற்று கூடியும் அழுத்தம் கூடாமல் நிற்பதுதான். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. (ஏறத்தாழ 0.7 பார்) என்று பட்டறைகளில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதன்படி 3000 சுற்றில் குறைந்தது 2 பார் வந்திருக்க வேண்டும். உங்கள் எஞ்சினின் கையேட்டு அளவு அதைவிட மேலேயே இருக்கும்.

கிராங்க் பேரிங் தேய்ந்த எஞ்சினில் நிலைமை வேறு மாதிரி இருக்கும். அங்கே சூட்டில் ஐட்லிங் அழுத்தம் வெகுவாக இறங்கிக் கிடக்கும், ஆனால் ரேஸ் செய்தால் ஓரளவு ஏறும். ஏனெனில் பம்ப் வேகமாகச் சுற்றி, தேய்ந்த இடைவெளிகளில் கசிவதைவிட அதிகமாக அனுப்பிவிடும். உங்களுடையதில் குறைந்த சுற்றில் பம்ப் கேட்கும் ஆயில் கிடைக்கிறது. கூடுதல் சுற்றில் கேட்கும் அளவு கிடைக்கவில்லை. உறிஞ்சும் வழி குறுகியிருக்கிறது என்பதே இதன் பொருள். முள் நடுங்குவதும், பம்ப் ஆயிலோடு காற்றையும் குமிழியையும் சேர்த்து இழுப்பதோடு பொருந்துகிறது. எஞ்சினை இறக்கச் சொன்னவரின் ஆலோசனையை இந்த அளவுகள் ஆதரிக்கவில்லை.

பழைய பட்டறை எழுதியது:

ஓசூர்த் தம்பி சொன்னதோடு நான் உடன்படுகிறேன், ஆனால் ஒரு சந்தேகத்தை இப்போதே எழுதி வைத்துவிட வேண்டும். ஆயில் பம்ப்பில் அழுத்தம் அளவு மீறினால் திறந்து விடும் ரிலீஃப் வால்வு ஒன்று உண்டு. அது குப்பை சிக்கிப் பாதி திறந்தபடியே நின்றுவிட்டாலும், சுற்று கூடியும் அழுத்தம் கூடாது. சம்ப்புக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயும் பம்ப்பும் சேரும் இடத்தில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலும் காற்று நுழையும். ஆக மூன்று இடங்கள்: உறிஞ்சு குழாயின் வாயில் உள்ள வடிகட்டும் வலை, ஓ-ரிங், ரிலீஃப் வால்வு. மூன்றில் முதல் இரண்டும் சம்ப்பைக் கழற்றினாலே கைக்கு வந்துவிடும், எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. எனவே அங்கிருந்து தொடங்குங்கள்.

ரசீதில் 'பேஸ்ட்' என்று இருப்பதையும் கவனித்தேன். செயின் கவரைத் திரும்ப மாட்டும்போது பூசும் சிலிகான் பேஸ்ட்டைப் பற்றித்தான் சொல்கிறேன். சம்ப்பைத் திறந்ததும் எதையும் துடைக்காமல், முதலில் படம் எடுத்துப் போடுங்கள். ஆயில் ஃப்ளஷ் (எஞ்சினின் உட்புறத்தைக் கழுவும் திரவம்) ஊற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது படிந்திருப்பதையெல்லாம் பெயர்த்துக்கொண்டு வந்து அதே வலையில் சேர்க்கும்.

பென்னாகரம் சாலை எழுதியது:

சம்ப்பைக் கழற்றிவிட்டோம். படம் ஏற்ற முடியவில்லை, ஆகவே பார்த்ததை எழுதுகிறேன்.

உறிஞ்சு குழாயின் அடியில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு கம்பி வலை இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் சாம்பல் நிறச் சிலிகான் துணுக்குகளால் மூடப்பட்டிருந்தது. சில துணுக்குகள் சேமியாவைப் போல நீளமாக, சில நகத் துண்டு அளவில் தட்டையாக இருந்தன. தட்டையானவற்றின் ஒரு பக்கத்தில் கவரின் விளிம்பு பதிந்த தடம் அப்படியே தெரிந்தது. போல்ட்டை இறுக்கும்போது உட்பக்கம் பிதுங்கி நின்று, பிறகு சூட்டில் பெயர்ந்து விழுந்தவை என்று மெக்கானிக் சொன்னார். அவற்றின் இடுக்குகளில் கருப்பான வண்டல் அப்பியிருந்தது. விரலால் வழித்தால் மணல் போல நெருடவில்லை, பிசுக்காகவே இருந்தது. பழைய கைடின் பிளாஸ்டிக் துண்டுகள் ஒன்றிரண்டும் அடியில் கிடந்தன. போன முறை கைடை மாற்றியவர்கள் சம்ப்பைத் திறந்து அவற்றை எடுக்கவில்லை என்பது தெரிந்தது. ஓ-ரிங் கெட்டியாகி இருந்தாலும் வெடிக்கவில்லை, அதையும் மாற்றினோம்.

வலையை மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் தூரிகையால் சுத்தம் செய்து, குழாயைக் காற்றடித்துப் பார்த்து, சம்ப்பைத் திரும்ப மாட்டி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டோம். அதே கேஜில் சூட்டில் ஐட்லிங் 1.2 பார், 3000 சுற்றில் 3.2 பார், முள் அசையாமல் நின்றது. ரிலீஃப் வால்வைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. காலைக் கடகட முற்றிலும் போய்விட்டது. ஆனால் தொப்பூர் இறக்கத்தில் சலசல, மிகவும் குறைந்த அளவில், இன்னும் இருக்கிறது. அழுத்தம் சரியான பிறகும் அது ஏன் வருகிறது?

மாந்தோப்பு எழுதியது:

மகிழ்ச்சியான செய்தி! எஞ்சினை இறக்கச் சொன்னவரின் பேச்சைக் கேட்டிருந்தால், தேவையே இல்லாமல் சிலிண்டர் போர் போடுவது, பிஸ்டன் மாற்றுவது வரை போயிருக்கும்.

சிப்காட் அளவுகோல் எழுதியது:

இப்போதுதான் செயின் பக்கம் போக வேண்டிய நேரம். அழுத்தம் டென்ஷனரின் வாசல் வரை சரியாக வந்து சேர்கிறது. உள்ளே அதைப் பிடித்து வைப்பது ஒரு சிறிய குண்டும் அதன் இருக்கையும் சேர்ந்த ஒருவழி வால்வு. அதில் ஒரு துகள் சிக்கினாலும், செயின் அழுத்தும்போது ஆயில் பின்னால் கசிந்து பிளஞ்சர் உள்ளே போய்விடும். குறைந்த அழுத்தத்தில் நீண்ட நாள் ஆடிய செயின், பிளஞ்சரின் பல்சட்டத்தையும் தேய்த்திருக்கலாம்.

டென்ஷனரைக் கழற்றினால் இரண்டு செய்திகள் கிடைக்கும். கழற்றுவதற்கு முன் பிளஞ்சர் எத்தனை பல் வெளியே வந்திருக்கிறது என்று பாருங்கள். கையேட்டில் சொன்ன எல்லைக்குள் இருந்தால் செயின் நீளவில்லை. கழற்றிய பிறகு, ஆயில் நிரம்பிய நிலையில் பிளஞ்சரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல டென்ஷனர் கல் மாதிரி எதிர்த்து நிற்கும், குண்டு சரியாக அமராதது பஞ்சு மாதிரி உள்ளே போகும். கவர் எப்படியும் திறந்திருக்கும் என்பதால் ஸ்ப்ராக்கெட் பற்களையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பல்லின் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் கொக்கி போல் வளைந்திருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான்.

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

கவரைத் திரும்ப மாட்டும்போது இதே பேஸ்ட்டைத்தானே மறுபடியும் பூசுவார்கள்? அப்படியானால் அடுத்த ஆண்டு இதே நிலைமை வராதா, ஐயா?

பழைய பட்டறை எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. குற்றம் பேஸ்ட்டில் இல்லை, பூசும் முறையில் இருக்கிறது. பழைய பேஸ்ட்டை இரண்டு பக்கமும் முழுமையாகச் சுரண்டி, ஆயில் பிசுக்கு இல்லாமல் துடைத்த பிறகு, கையேட்டில் சொன்ன தடிமனில், பெரும்பாலும் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஒரே கோடாக, போல்ட் துளைகளின் உட்பக்கமாகச் சுற்றி இழுக்க வேண்டும். கசிந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் பட்டையாக அப்புகிறார்கள். இறுக்கும்போது மிகுதியானது வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும், அதே அளவு உள்ளேயும் பிதுங்குவது தெரியாது. பூசிய சில நிமிடங்களுக்குள் கவரை நேராக வைத்து இறுக்கிவிட வேண்டும். வைத்து, எடுத்து, நகர்த்தி மறுபடி வைக்கக் கூடாது. டியூபில் எழுதியுள்ள நேரம் வரை உலரவிடாமல் அன்று மாலையே வண்டியைக் கொடு என்று வாடிக்கையாளர் அவசரப்படுத்துவதும் உண்டு. என் பட்டறையில், கவர் வேலை செய்த வண்டியை அன்றிரவு அங்கேயே நிறுத்திவிட்டு மறுநாள்தான் ஆயில் ஊற்றுவோம்.

கவரைத் திறந்திருக்கும்போது சம்ப் வாயைச் சுத்தமான துணியால் அடைத்து வைக்கச் சொல்லுங்கள் தம்பி. சுரண்டும் துணுக்குகள் விழும் இடம் அதுதான்.

பென்னாகரம் சாலை எழுதியது:

வேலை முடிந்துவிட்டது. டென்ஷனர் பிளஞ்சர் பல்சட்டத்தின் நடுப்பகுதியில்தான் நின்றது. அதாவது செயின் எல்லைக்குள் இருக்கிறது. செயினை இழுத்துப் பிடித்து வெர்னியரில் அளந்ததிலும் அதுவே உறுதியானது. ஸ்ப்ராக்கெட் பற்கள் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஆனால் டென்ஷனரைக் கட்டைவிரலால் அழுத்தியதும் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. மெக்கானிக் அதைப் பிரித்துக் காட்டியபோது ஒருவழி வால்வின் இருக்கையில் ஊசி முனை அளவுக்குச் சிலிகான் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. செயின், ஸ்ப்ராக்கெட், கைடு எதையும் மாற்றாமல், டென்ஷனரை மட்டும் நிறுவனத்தின் பாகமாக வாங்கி மாற்றினோம். பேஸ்ட் பூசும்போது நான் அருகிலேயே நின்றேன். மெக்கானிக் நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு, அதே மாதிரி மெல்லிய கோடாகவே இழுத்தார். வண்டியை மறுநாள்தான் எடுத்தேன்.

தொப்பூரில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதுமாக விட்டு இறங்கிப் பார்த்தேன், சத்தம் இல்லை. மேலுமலை ஏற்றத்திலும் ஓசூர் வரை ஓட்டிப் பார்த்தேன், அங்கும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இந்த ஆயிலை வழக்கமான தூரம் வரை ஓட்டலாமா, முன்னதாகவே மாற்ற வேண்டுமா?

பழைய பட்டறை எழுதியது:

முன்னதாகவே மாற்றுங்கள் தம்பி. வழித்தடங்களில் ஒட்டியிருக்கும் மிச்சம் இந்த முறை ஃபில்டருக்குள் வந்து சேரும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வாளால் அறுத்து, உள்ளே உள்ள காகிதத்தை விரித்துப் பாருங்கள். சிலிகான் துணுக்கு இல்லையென்றால் அதன் பிறகு கையேட்டில் சொன்ன தூரத்துக்கே போகலாம். துணுக்கு இருந்தால், அடுத்த ஆயிரத்தில் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். கேஜை அப்போதும் ஒரு முறை மாட்டி, 3.2 பார் அப்படியே நிற்கிறதா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.